தண்ணி விழுதா?

ஹெட்கிளார்க், கணக்கர், டைப் அடிக்கும் அம்மா, பியூன் நான். அறுபத்திரண்டோ, அறுபத்துமூன்றோ, அந்த வருஷம் தென்காசியில் எங்கள் ஆபீசில் இவ்வளவு பேர்தான்.

ஹெட்கிளார்க்குக்குக் கனத்த உடம்பு. வீடு கூப்பிடு தூரம். அதற்கும் குதிரைவண்டி. டாக்டர் பார்த்துவிட்டு, "ஓய், தினம் நடக்கணும். இப்படியே உக்காந்திருந்தா நீரு பென்சன் வாங்கமாட்டீரு" என்று சொல்லிவிட்டார். வீட்டம்மா அழுதார்கள். இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் வண்டி வந்துவிட்டது.

ஆனி பிறந்தது. ஊரெல்லாம் ஒரே கேள்வி, குற்றாலத்தில் தண்ணி விழுதா? டைப் அம்மாவுக்குக் குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் வீடு. அங்கிருந்து பார்த்தால் அருவி மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆபீசுக்குள் வரும்போதே சேதி சொல்வார்கள். வந்த சனமெல்லாம் அவர்களையே கேட்கும். ஹெட்கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, நாளைக்கு நாம முந்திப் போய்ப் பாத்துட்டு வந்திருவோம்" என்றார் என்னிடம்.

விடியுமுன் கிளம்பினோம். மேலகரம் போவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டார். தினமும் போனோம். ஒரு வாரத்தில் உட்காராமல் நடந்தார். தினமும் ஆபீசில் அவர்தான் முதலில் சேதி சொன்னார்.

"கோடு தெரியுது அண்ணாச்சி, சரி. ஆளு குளிக்கிற மாதிரி விழுதா?" என்றார்கள் அந்த அம்மா, டைப் அடிப்பதை நிறுத்தாமலே.

மறுநாள் மெயினருவி வரை நடந்தார். திரும்ப பஸ். ஈரத்தலையோடு வந்து, "குளிச்சே வந்துட்டேன், போதுமா?" என்றார்.

"ஐந்தருவியில அஞ்சும் விழுதா, மூணுதானா?"

கணக்கர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமே நடந்தோம். ஹெட்கிளார்க் முன்னால். ஐந்தும் விழுந்தன. அடியில் நின்றுகொண்டு, "எண்ணிக்கோம்மா! நல்லா எண்ணிக்கோ!" என்று கத்தினார். குளித்துக் கரையேறி அவர் இட்லி தின்ற வேகத்தில் கடைக்காரர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"இனி என்ன கேப்பீங்க?" என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதான் தெரியல. அவரு வீட்டம்மா என்கிட்ட வந்து அழுதாங்க. இதுவரைக்கும் இழுத்தாச்சு" என்றார்கள்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சாரல் நின்றது, அருவி வற்றியது. அவர் நடை நிற்கவில்லை. வண்டிக்காரர் வேறு சவாரி பார்த்துக்கொண்டார்.

பயங்காட்டி நகராத கால் சீண்டினால் நகரும் என்று அந்தச் சாரலில்தான் கண்டேன். இன்றும் ஆனி பிறந்தால் எனக்கு அதுதான் நினைவு.

அவர் பென்சன் வாங்கியது இருபத்துமூன்று வருஷம்.