தாவி மதாமுக்குக் கண்ணாடி விற்ற கதை

காந்தி வீதி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே என்னைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் வந்துவிட்டது. பவர் பார்ப்பேன், பிரேம் மாட்டுவேன், ஓயாமல் பேசுவேன். வந்தவர் வாங்காமல் போனால் அது என் மானப் பிரச்சினை. முதலாளி காதர் பாய், "உன் வாய்க்கு மூடி வித்தா நான்தான்டா மொதல்ல வாங்குவேன்" என்பார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை போபா மதாம் கடைக்கு வந்தார். கம்போடியாக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, நம்மைப் போலவே தமிழ் பேசப் பழகியவர். கூடவே ஒல்லியான ஒரு பெண்மணி.

"என் தங்கச்சி தாவி. தாய்லாந்து அகதி கேம்ப்புல இருந்து இப்பதான் வந்தா. தையல் வேல செய்யறா, ஊசியில நூல் கோக்க முடியல."

கண் பார்க்கும் பிரெஞ்சு எழுத்து அட்டையை நீட்டினேன். தாவி தலையை ஆட்டி ஏதோ முணுமுணுத்தார்.

"படிக்கத் தெரியாதாம்" என்றார் போபா மதாம், என் முகத்தைப் பார்க்காமல்.

என் திறமைக்கு அதெல்லாம் ஒரு தடையா? குழந்தைகளுக்கான பூனை, குடைப் பட அட்டையை எடுத்தேன். பிளஸ் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டதில் ஆகச் சிறிய பூனையும் தெரிந்துவிட்டது. கறுப்பு பிரேம் ஒன்றை மாட்டிவிட்டு, "டீச்சர் மாதிரியே இருக்கீங்க!" என்றேன். எந்தப் பெண்ணிடமும் தோற்காத வசனம். போதாதென்று, எனக்குத் தெரிந்த பத்து பிரெஞ்சு வார்த்தைகளில் டீச்சருக்கு உரியதையும் எடுத்துவிட்டேன்: "ப்ரொஃபெசர்! ப்ரொஃபெசர்!"

தாவியின் முகம் வெளிறியது. பிரேமைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு வெளியே ஓடி, வெயிலில் நின்றார்.

"வேற கலர் காட்டட்டுமா மதாம்?" என்று கேட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

போபா மதாம் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அவ நெஜமாவே டீச்சர்தான். எழுபத்தஞ்சுல எங்க நாட்டுல புதுசா ஆட்சிக்கு வந்தவங்க, டவுனும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம், எல்லாரும் வயல்ல நின்னா போதும்னாங்க. ஊரையே காலி பண்ணி வெரட்டுனாங்க. படிச்சவங்கள எதிரின்னு கொன்னாங்க. கண்ணாடி போட்டிருந்தாலே சந்தேகம். இவ வீட்டுக்காரரும் வாத்தியார். கூட்டிட்டுப் போனாங்க, திரும்பல. ரெண்டு புள்ளைங்களும் பசியிலயே போயிடுச்சு. இவ கண்ணாடிய குளத்துல எறிஞ்சிட்டு, எழுத்தே தெரியாதுன்னு சொல்லி உசுரோட இருந்தா. இன்னும் அதயேதான் சொல்றா."

நான் அந்தக் கறுப்பு பிரேமை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். காதர் பாய்தான் எழுந்து போய், தாவிக்கு ஒரு நாற்காலியை நிழலில் போட்டார். "பவர் தெரியும்ல? செஞ்சு வீட்டுக்கே கொண்டுபோய்க் குடு. பேசாம குடு" என்றார் என்னிடம்.

அடுத்த வாரம் உழவர்கரையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெல்லிய பிரேம். தாவி போட்டுக்கொண்டு ஒரே முயற்சியில் நூலைக் கோத்தார். தைத்தபடியே சிரித்தார். அப்போது வெளியே கேட் சத்தம் கேட்டது. கண் மூடித் திறப்பதற்குள் அவர் கண்ணாடி, தைத்துக்கொண்டிருந்த துணிக்கு அடியில் போய்விட்டது. வந்தது பால்காரர்.

அதன் பிறகு பல வருடம் அவருக்குப் பவர் பார்த்தேன், வீட்டில் வைத்துத்தான். தெருவில் ஒரு நாளும் அவரைக் கண்ணாடியோடு பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வந்தவர் எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் எப்படித் தெரிகிறார் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள்.