காயா ரொட்டிக்குள் ஒரு மாத்திரை

என் மகளுக்கு வரவேண்டிய வலிப்பை நான்தான் வரவிடாமல் செய்தேன்.

நல்ல காரியம்தானே என்று நினைப்பீர்கள், பிள்ளைகளே. இல்லை… அது நான் அவளுக்குச் செய்த துரோகம்!

மாலினிக்கு அப்போது பதினொரு வயது. மருந்து அவளுடைய வலிப்பைத் தள்ளிப்போட்டதே தவிர நிறுத்தவில்லை. பினாங்கின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் படத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு தழும்பு தெரிந்தது.

"தழும்பு இருக்குங்கறதுக்காக வலிப்பு அங்கதான் தொடங்குதுன்னு சொல்ல முடியாதுண்ணே," என்றார் டாக்டரம்மா. "திருடன் வெளிய வந்தாத்தான் எந்த வீட்லேர்ந்து வர்றான்னு தெரியும்."

அதற்காக அவளை வார்டில் படுக்கவைத்து, தலை முழுக்க வயர்களை ஒட்டி, எதிரே கேமராவும் வைத்தார்கள். மாத்திரையை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். ஒரு வலிப்பு வரவேண்டும். அது தொடங்கும் இடமும் தழும்பும் ஒத்துப்போனால், அறுவை செய்து எடுத்துவிடலாம். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கும் புரியும்படி சொன்னார்கள். புரிந்தது. புரிந்துதான் செய்தேன்!

ஏன்…? ஒவ்வொரு முறை வலிப்பு தெளிந்ததும் அவள் கொஞ்ச நேரம் என்னை வெறித்துப் பார்ப்பாள். "அங்கிள், எங்கப்பா எங்க?" என்பாள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை. அவள் பயப்படவில்லை. பயந்தவன் நான்.

அவர்கள் நிறுத்திய அதே மாத்திரையை வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்தேன். வராந்தாவில் வைத்துப் பொடித்து, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டிக்குள் தூவி, காலையும் மாலையும் கொடுத்தேன்.

"காயா கசக்குதுலா, அப்பா."

"அடிப்பிடிச்சிருக்கும்மா. சாப்பிடு."

அவளோ வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தாள்! வயர்த் தலையை ஆட்டிக்கொண்டு தாதியிடம் வம்பளப்பாள்: "மிஸி, இது ஆயர் ஈத்தாம் பஸ் மாதிரி. வேணாங்கறப்ப ரெண்டு வரும். நின்னு பார்த்தா ஒண்ணும் வராது!"

தாதி சிரித்தார். நானும் சிரித்தேன்… எப்படி முடிந்தது என்னால்?

வலிப்பு வரவில்லை. கட்டிலுக்கு அடுத்த பிள்ளை காத்திருந்தது.

"வலிப்பு பதிவாகாம கத்தி வைக்க முடியாதுண்ணே. மறுபடி முறை வரட்டும்," என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதாவது வாய் திறந்தேனா? தலையை மட்டும் ஆட்டினேன்.

காத்திருந்த மாதங்களில் ஒருநாள், முட்டை பொரிக்கப் போனவளுக்கு அடுப்படியிலேயே வலிப்பு வந்தது. வாணலி சரிந்து, கொதித்த எண்ணெய் அவள் வலது கையில் கொட்டியது…

மறுமுறை வார்டில் நான் எதையும் கொடுக்கவில்லை. வலிப்பு வந்தது. தழும்பு இருந்த இடத்திலேயே தொடங்கியது. எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அவளுக்கு வலிப்பு இல்லை. ஆனால் அந்தக் கையில் இரண்டு விரல்கள் நிமிரவில்லை. இடக்கையால் எழுதப் பழகுகிறாள்.

பிள்ளைகளே, உங்களில் யாராவது அப்படி வயர்களோடு படுத்திருக்கும்போது, உங்கள் அப்பா ரகசியமாக எதைத் தந்தாலும் மிஸியிடம் சொல்லிவிடுங்கள். அவர் அழுதாலும் சொல்லிவிடுங்கள்.

முகம் தெரியாத உங்களிடம் எழுதிவிட்டேன். மாலினியிடம் இன்னும் சொல்லவில்லை…

போன வாரம் அவள் விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாரிப்பா."

"எதுக்கும்மா?"

"மொத தடவையே நான் வலிப்ப வரவச்சிருந்தா, கை இப்படி ஆயிருக்காதுல்ல? உங்களுக்கும் எவ்ளோ அலைச்சல்…"

களிம்பு டப்பாவை மூடினேன்.

"பரவாயில்லைம்மா," என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.

அவளை நான் மன்னித்தேன், பிள்ளைகளே! நான்… அவளை!