நிதானம் நடுங்கிய கதை

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் என் மாமா. நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். என்னையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர்தான். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்தக் குறையை அக்கா தீர்த்துவைக்கிறாள்.

வேலையிடத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே இருப்பவருக்கு முதலில் போவது புத்திதான். கதவைப் பிளந்துகொண்டு, கிடைத்த சந்து வழியாக வெளியே குதிக்கப் பார்ப்பார். கீழே குழி இருப்பது அவர் மனதிலேயே இருக்காது. அதனால் எங்கள் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொட்டை மாடி மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரோடு வாய் ஓயாமல் பேச வேண்டும். சுற்றுவது நான், பேசுவது மாமா. இரண்டு பேர் போனும் ஸ்பீக்கரில் இருக்கும். பிள்ளைத்தாச்சி, வக்கீல், வாடகைப் பணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டே மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி என்று யாராயிருந்தாலும் மாமாவின் குரலைக் கேட்டு அடங்கிவிடுவார்கள்.

இவ்வளவு தெளிவான மனிதருக்கு ஒரே ஒரு கிறுக்கு, அந்த நடிகர். பெயர் சொன்னால் உங்கள் வீட்டிலும் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். எனக்கு சினிமா என்றாலே தூக்கம் வரும். தியேட்டர் ஏசிக்கு அவ்வளவு மகிமை. மாமாவோ, அந்த நடிகர் பெயர்கூடத் திரையில் வராத காலத்திலிருந்து அவரைக் கவனித்தவர். முதல் படத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் ஆள். வசனம் கிடையாது. கதாநாயகி அழுதுகொண்டு ஓடுவாள், பின்னால் இந்த ஆள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருப்பார். “எல்லாரும் அந்தப் பொண்ணையே பாத்தாங்க மாப்ள. நான் அந்தக் கையப் பாத்தேன்” என்பார் மாமா. அப்புறம் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிடும் கண்டக்டர். அப்புறம் வில்லனின் டிரைவர், கண்ணாடியில் இரண்டு கண் மட்டும் தெரியும். அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு படத்தில் பாதிக் கதையைச் சுமக்கும் அண்ணன். அதற்குப் பிறகுதான் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிடும் படம் வந்தது. ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் அவர் நடந்து வருகிறார், காற்றடிக்கிறது, ஆட்கள் பறக்கிறார்கள். மாமா ஒவ்வொன்றையும் முதல் நாளே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுவார். “பிடிக்கலன்னா எதுக்குப் போறீங்க?” என்று அக்கா கேட்டால், “இந்தத் தடவ அந்தப் பழைய நடிப்பு வந்துடும்னு நெனச்சேன்” என்பார்.

ஒரு பகல் வேளையில் பெரிய ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நடிகரின் பட விழா. கூட்டம் நெருக்கியதில் அவர் தப்பித்து சரக்கு லிஃப்டுக்குள் ஓடியிருக்கிறார், பாதுகாவலர்கள் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. கீழ்த்தளக் கதவை ரசிகர்கள் முட்டித் தள்ளியதில் அது வளைந்து பூட்டு விலகியது. பூட்டு விலகினால் லிஃப்ட் நின்றுவிடும், அது அதன் பிறவிக்குணம். ஆக, அன்பு வைத்தவர்களே அவரை இரண்டு தளங்களுக்கு நடுவில் அடைத்துவிட்டார்கள்.

நான் மாடிக்கு ஓடினேன். மோட்டார் அறை தகரப் பெட்டியாய்க் கொதித்தது. போனில் முதலில் கேட்டது உலோகம் கிறீச்சிடும் சத்தம். ஆள் கதவைப் பிளக்கிறார்.

“கதவுல கை வெக்காதீங்க சார். நான் மெக்கானிக். வெளியதான் நிக்கிறேன்” என்றார் மாமா.

“மூச்சு முட்டுது. திறங்க. திறங்கய்யா!”

படத்தில் மலையையே அதட்டும் அந்தக் குரல், சந்தையில் தொலைந்த பிள்ளையின் குரலாய் இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வழக்கமாக மாமா ஊர், பிள்ளைகள், படிப்பு என்று விசாரிப்பார். அன்று வேறு மாதிரி ஆரம்பித்தார்.

“சார், அந்த ஆஸ்பத்திரி சீன்ல ஃபிளாஸ்க் மூடியத் திருகினீங்களே, அது டைரக்டர் சொன்னதா, நீங்களா செஞ்சதா?”

கிறீச் சத்தம் நின்றது.

“என்னது?”

“மூடி சார். திருகித் திருகிக் கழட்டுனீங்க.”

“நானாத்தான்...” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அதை யாரும் பாக்கலன்னு நெனச்சேன்.”

நான் சக்கரத்தைப் பிடித்தேன். இம்மி இம்மியாகத்தான் இறக்க வேண்டும். மாமா கண்டக்டருக்கு வந்தார், டிரைவருக்கு வந்தார், அண்ணனுக்கு வந்தார். அந்த ஆளும் பதில் சொன்னார், ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். அதோடு விட்டிருக்கலாம். ரசிகனுக்கு வாய் நிற்குமா?

“அதுக்கப்புறம் நீங்க நடிக்கவே இல்ல சார்” என்றார் என் மாமா.

போனில் சத்தமே இல்லை. உள்ளே இருப்பவர் கத்தினால் பயமில்லை, மௌனமானால்தான் பயம். “சார்? சார்?” என்று மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு விசும்பல் கேட்டது.

“விட மாட்டேங்கிறாங்க. வேற மாதிரி ஒண்ணு பண்ணேன், வெளியிடவே விடல” என்றது குரல். பிறகு, “நீங்க போயிடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. நான் இப்படிப் பயந்தேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க.”

“சத்தியமா சொல்ல மாட்டேன் சார்.”

லிஃப்ட் தளத்துக்கு வந்தது. மாமா சாவி போட்டுக் கதவைத் திறந்தார். திறக்கும்போது உள்ளே பார்த்தாராம். நடிகரின் கை சட்டைப் பொத்தானைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்ததாம். கதவு முழுதாகத் திறப்பதற்குள் அந்தக் கை இறங்கிவிட்டது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, போஸ்டர் சிரிப்பு வந்துவிட்டது. வராந்தா முழுக்க போன்கள். மாமாவை ஒரு தோளோடு அணைத்து, படம் எடுக்கவிட்டு, நடந்து போய்விட்டார்.

சில வாரம் கழித்து டிவி பேட்டியில் அந்த லிஃப்ட் கதையை அவரே சொன்னார். எப்படி? மெக்கானிக் வெளியே நின்று நடுநடுங்கிக்கொண்டிருந்தானாம். “நான் இருக்கேன், பயப்படாம வேலையப் பாருப்பா” என்று இவர்தான் உள்ளேயிருந்து தைரியம் சொன்னாராம்!

தோளணைத்த படம் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றியிருந்ததால் ஆளைக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இல்லை. மறுநாள் கம்பெனியில் நிதானம் ‘நடுக்கம்’ ஆகிவிட்டார். டீக்கடையில் அவர் கையில் கிளாஸைக் கொடுக்கும்போது, “கொட்டிடாதீங்க” என்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, “கஸ்டமருங்க சிரிக்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு ஆளுங்களக் காப்பாத்தப் போக வேணாம்” என்று கோடவுனில் உதிரிபாகங்களுக்கு எண்ணெய் போட உட்காரவைத்தார். ஜன்னல் இல்லாத அறை. பேசியே ஆட்களைக் காப்பாற்றியவருக்குப் பேச ஒரு ஈ காக்கை கிடையாது.

நான் போனைக் கையில் எடுத்தேன். “டிவிக்காரனுக்கு போன் போடறேன் மாமா. ஸ்பீக்கர்ல எல்லாத்தையும் கேட்டவன் நான்.”

“நான் சத்தியம் பண்ணிட்டேன் மாப்ள.”

“அவன் உங்கள வித்துட்டான். நீங்க சத்தியத்தக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களா?”

அந்தப் பேட்டியை மாமா பார்த்திருக்கவே இல்லை. வேண்டாம் என்றே தள்ளிக்கொண்டிருந்தார். பார்த்தால் சூடு சொரணை வரும் என்று நான்தான் ஒரு லீவு நாளில் வீட்டுக்குப் போய் டிவியில் போட்டுவிட்டேன். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

பேட்டியில் அந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அந்த மெக்கானிக் எப்படி நின்னான் தெரியுமா?” என்று செய்து காட்டினார். தோள் சுருங்கியது. கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தது. கை சட்டைப் பொத்தானைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. “போயிடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க” என்றார், தொண்டை அடைக்க. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

“பாவி, உங்களப் போய்க் கோமாளி ஆக்கிட்டானே!” என்றாள் அக்கா.

நான் மாமாவைப் பார்த்தேன். இப்போதாவது வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். கண் நிறைந்திருந்தது.

“கையப் பாரு மாப்ள” என்றார். “எத்தன வருஷம் ஆச்சு, இப்படி நடிச்சு.”

“அது நடிப்பில்ல மாமா, அவனோட பயம். உங்க தலையில கட்டுறான்.”

“எனக்குத் தெரியாதா? படத்துல விட மாட்டேங்கிறாங்க. எங்கயாவது வெச்சுக் காட்டணும்ல, பாவம்” என்றவர், அக்கா மேலே பேச வாயெடுத்ததும் கையைத் தூக்கி அடக்கினார். “முதல்லேருந்து போடு.”