ஆதியிலிருந்து எடுத்து வந்தேன் என்றேன்

நம் குலசாமி கோயிலில் பீடத்துக்கு அடியில் கிடக்கும் பிடிமண், ஆதிக் கோயிலின் மண் அன்று. ஒரு பேருந்து நிறுத்தத்தின் மண். அதை அள்ளியவன் நான். ஆதியிலிருந்து எடுத்து வந்தேன் என்று பொய் சொன்னவனும் நானே!

தேன்மொழி, கயல்... உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதினாறு வருஷமாக உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. வாயைத் திறந்தால் வர மறுக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைக்கிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததைப் பொறுக்கச் சொல்லி மட்டும் கேட்கமாட்டேன்.

பிடிமண் என்றால் என்னவென்று நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கோயில் கட்டினால் சாமி தானாக வந்து உட்காராது. பழைய கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் கொண்டுவந்து, புதுப் பீடத்துக்கு அடியில் போட வேண்டும். அப்போதுதான் அங்கே இருக்கிற சாமி இங்கேயும் இருக்கும். அந்தப் பிடி மண்தான் வேர். அது இல்லையென்றால் பீடம் வெறும் செங்கல்.

நம் பங்காளிகள் இருபது குடும்பமும் முன்பு திருமயத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்குப் போய்த்தான் கருப்பரைக் கும்பிட்டு வந்தோம். அங்கே முதல் மரியாதைத் தகராறு வந்தது. இனி நம் ஊரிலேயே கோயில் கட்டிக்கொள்வோம் என்று முடிவானது. மண் எடுத்துவர என்னை அனுப்பினார்கள். ஏன் என்னை? "பொய் சொல்லத் தெரியாத பய, அவன் போகட்டும்" என்றார்கள்... இதை எழுதும்போது கை கூசுகிறது.

தேன்மொழி, நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய்.

காலையில் வெறும் வயிற்றோடு அந்தக் கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம் மண் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுவே பிடிமண் சாமிங்க தம்பி. பிடிமண்ணுலேருந்து பிடிமண் எடுத்தா வெளங்காது. ஆதிக்குப் போங்க. எங்க பாட்டன் அங்கிட்டுலேருந்துதான் கொண்டாந்தாக" என்று மேற்கே கை காட்டினார்.

அத்தனை வருஷம் அதையே ஆதி என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறோம்!

அவர் சொன்ன ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். உச்சி வெயில். கோயில் சாவி வைத்திருந்த பெண் நூறுநாள் வேலையிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"ஆதியா? இதையா ஆதின்னு சொன்னாக? நாங்களே கண்மாய்க்கு அப்பாலேருந்து வந்தவுகதாங்க. அங்க ஒரு வேல் நிக்கும், அதப் போய்ப் பாருங்க."

கண்மாயைச் சுற்றி நடந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே கோயில் இல்லை. ஒரு வேம்பு, அடியில் துருப்பிடித்த வேல், நாலு ஆடு, ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். வேலைக் காட்டி, இதுதான் ஆதியா என்றேன்.

"இதா? எங்கய்யா எங்கிட்டுலேருந்தோ எடுத்தாந்து ஊனுனாரு."

"எங்கிட்டுலேருந்து?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு திசையையும் பொத்தாம்பொதுவாகக் காட்டினார். "எங்கிட்டுலேருந்தோதான்! சாமிக்கு ஊரா பஞ்சம்?"

அங்கேயே ஒரு பிடி அள்ளியிருக்கலாம். அள்ளவில்லை. இதுவும் ஆதி இல்லையே, இதுவும் பிடிமண்தானே என்று தோன்றியது. கிடைக்கவில்லை என்று ஊரில் போய்ச் சொல்லிவிடுவோம் என்ற எண்ணத்தோடுதான் ரோட்டுக்கு வந்தேன். சத்தியமாக அந்த எண்ணம்தான் இருந்தது!

பேருந்து நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. செல்வராசு. நம் பங்காளி முறையில் எனக்குத் தம்பி, உங்களுக்குச் சித்தப்பா. பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணே, எடுத்தாச்சா? ஊரே எல்லையில நிக்கிதுண்ணே. பொம்பளைக எல்லாம் காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல."

"எடுத்தாச்சு."

அவ்வளவுதான். முதலில் சொல் வந்துவிட்டது. மண் அதற்குப் பிறகுதான் வந்தது. பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கடலைத் தோலும் கிழிந்த டிக்கெட்டும் கலந்த மண். தோலைப் பொறுக்கினேன். டிக்கெட்டைப் பொறுக்கினேன். மஞ்சள் துணியில் முடிந்தேன். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்... அதற்குப் பிறகு வழி முழுக்க அந்த முடிச்சை நான் கீழே வைக்கவே இல்லை! கூட்டத்தில் நின்றுகொண்டு, கை மரத்துப்போக, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். பொய்யென்று தெரிந்தும் ஏன் அத்தனை பயபக்தி? யாருக்குப் பயந்தேன்?

ஊர் எல்லையில் உங்கள் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், தேன்மொழி. என் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பல்லுப்போன கிழவர்கள்கூட என்னை விழுந்து கும்பிட்டார்கள். நாம் கும்பிட்டது ஆதி இல்லையாம், அதற்கும் அப்பால் ஆதியிலிருந்தே எடுத்து வந்தேன் என்றேன்.

"ஆதிக்கே போயிட்டியாப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

தலையாட்டினேன்.

அதன்பின் எத்தனை படையல், எத்தனை கிடாவெட்டு, எத்தனை காதுகுத்து! ஒவ்வொன்றிலும் நான் முன்வரிசையில் நின்றேன். ஒவ்வொன்றிலும் எனக்கு வியர்த்தது. உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, தேன்மொழி, நீ அந்தப் பீடத்தின் முன்னால் மண்டியிட்டு அழுதாய். நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாய். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேரில்லாத இடத்தில் என் பிள்ளை வேண்டுகிறதே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டிருந்தேன். அம்மா பிழைத்து வந்தாள். நீ விளக்குப் போட்டாய். இன்றும் வெள்ளிதோறும் போடுகிறாய்.

அவளைக் காப்பாற்றியது யார்? டாக்டரா? கருப்பரா? அந்தக் கடலைத்தோல் மண்ணா? எனக்குத் தெரியாது... தெரியாது!

ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் அந்த நிறுத்தத்துக்குப் போனேன். ரோட்டை அகலப்படுத்தித் தார் போட்டிருந்தார்கள். பெஞ்சு இல்லை. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறேன். தார் சுட்ட பிறகுதான் தெரிந்தது. எதிரே டீக்கடையில் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன், கயல்.

போன ஆடியில் ஒரு நாள் இலுப்பூரில் நம் மோட்டார் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செம்புக் கம்பியைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாய். எரிந்துபோன மோட்டார் வந்தால் முதல் வேலை, காயிலின் ஆரம்ப முனையைத் தேடுவதுதான் என்று உனக்குச் சொன்னேன். ஆரம்பம் இல்லாத காயிலே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். நீ கம்பியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாய்.

"அப்பா, ஒலகத்த ஆரு உண்டாக்குனா?"

"சாமி."

"சாமிய ஆரு உண்டாக்குனா?"

கையிலிருந்த கம்பி அறுந்தது. "அப்படியெல்லாம் கேட்டா நாக்கு அழுகிப்போயிரும்!" என்று கத்தினேன். கடைக்கு வந்திருந்தவர்கூடத் திடுக்கிட்டார். நீ கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அம்மா சொல்லிச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ சாமியைக் குறைத்துப் பேசினாய் என்று நினைத்தா கத்தினேன்? இல்லை ஆத்தா! நீ என்னைக் கேட்பதாக நினைத்தேன். 'நீ கொண்டுவந்தாயே, எங்கிருந்து?' என்று என் பதினாறு வருஷத்தைக் கேட்பதாகப் பட்டது.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வீட்டைக் கட்டினவன் ஒருவன் இருந்தால்தான் வீடு; அதுபோல உலகத்தைப் படைத்தவன் ஒருவன் இருக்கத்தான் வேண்டும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வாயால், அந்தப் படைத்தவனுக்கு மட்டும் எதுவும் வேண்டாம், அவன் தானாகவே இருக்கிறான் என்கிறோமே... அந்த இடத்தில் நிறுத்த நமக்கு யார் உரிமை கொடுத்தது? நான் நிறுத்தியது பொழுது சாய்ந்ததால். கால் வலித்ததால். ஊர் காத்திருந்ததால். படித்தவர்களும் பெரியவர்களும் அப்படித்தான் எங்கேயோ களைத்து நின்றார்களோ? நின்ற இடத்துக்கு ஆதி என்று பெயர் வைத்துவிட்டார்களோ?

இல்லை, அப்படி இருக்காது... ஏதோ ஒன்று தானாக இருந்தால்தானே மற்றதெல்லாம் இருக்க முடியும்? எவருமே ஆதி இல்லையென்றால் ஆட்டுக்காரரின் அய்யா எதைக் கொண்டுவந்து ஊன்றினார்?

அப்படித் தானாக இருக்கிற ஒருவருக்கு என் பிடிமண் எதற்கு? அவர் பேருந்து நிறுத்தத்திலும் இருந்திருப்பார், கடலைத் தோலிலும் இருந்திருப்பார். அப்படியானால் நான் தப்புச் செய்யவில்லை! இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு இலேசாகிறது. இலேசாவதால்தான் இதை நான் நம்புவதில்லை. திருடனுக்கு வசதியான நியாயம் அல்லவா இது? சாமிக்கு ஆதி வேண்டாமலே இருக்கலாம். 'எடுத்தாச்சு' என்று நம்பி என் காலில் விழுந்தவர்களுக்கு அது வேண்டியிருந்ததே!

பிறகு போன மாதம், திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்த செல்வராசு வந்தான். அங்கே பனியன் கம்பெனியில் இருக்கும் நம் பங்காளிகள் அங்கேயே ஒரு கோயில் கட்டுகிறார்களாம். நம் கோயிலிலிருந்து பிடிமண் வேண்டுமாம். கொண்டுவந்தவன் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

எல்லோரும் பீடத்தைச் சுற்றி நின்றார்கள். தேன்மொழி, நீதான் மஞ்சள் துணியை விரித்துப் பிடித்தாய். நான் குனிந்தேன். அப்போது நீ கேட்டாய், கயல்.

"சித்தப்பா, இந்தச் சாமி இங்கேருந்து உங்க ஊருக்கு வருது. இங்க எங்கேருந்து வந்துச்சு?"

"ஆதியிலேருந்து."

"ஆதிக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"இந்தா, வக்கீலம்மா கெளம்பிட்டாக!" என்று செல்வராசு சிரித்தான். கூட்டமே சிரித்தது. "என்னை ஏன்த்தா கேக்குற? ஒங்கப்பனக் கேளு. ஆதிய நேர்ல பாத்த ஒரே ஆளு அவருதானே!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கையில் மண். நீ என் அருகில் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாய். நாக்கைப் பற்றிய பயம் உன் கண்ணில் அப்போதும் இருந்தது.

"நீங்க பாத்தீங்களாப்பா? அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷத்தையும் ஒரு மூச்சில் கொட்டியிருக்கலாம். துணியை விரித்து நின்ற தேன்மொழியின் கையைப் பார்த்தேன். உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்தேன். அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. அது தானா இருந்துச்சு" என்றேன்.

மண்ணைத் துணியில் போட்டேன். குலவை போட்டார்கள்.

முதல் பொய் சோர்வில் வந்தது. இதற்கு அந்தச் சாக்கும் இல்லை. என் பிள்ளை கண்ணைப் பார்த்து, தெரிந்தே சொன்னது. உலகத்தில் ஒருவரும் பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன் என்றேன்! நீயும் நம்பிவிட்டாய். உன் முகம் தெளிந்ததே, கயல்... அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து நீ கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ 'சாமிய ஆரு படைச்சா' என்று வம்பிழுத்தபோது, "எங்கப்பா நேர்ல பாத்திருக்காக. அது தானா இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு வந்தாயாம்.

திருப்பூருக்குப் போன மண்ணை இனித் திரும்ப வாங்க முடியாது. அங்கிருந்து நாளை இன்னொரு ஊருக்கு எடுப்பார்கள். அது போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதுகூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னது.

"அப்பா, காலாண்டு லீவுல என்னையும் ஆதிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்."

"நானும் வாரேன்ப்பா" என்றாள் தேன்மொழி. அம்மா உடனே, பொங்கல் வைக்க எந்தப் பானையைக் கொண்டுபோவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லத்தானே எனக்குத் தெரியும்!

நாம் கிளம்ப வேண்டிய சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் காகிதத்தை உங்கள் கையில் கொடுக்கத் துணிவு வருமா என்று தெரியவில்லை. கொடுத்தால் வெள்ளிக்கிழமை விளக்கு என்னவாகும்? கொடுக்காவிட்டால் உங்களை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

அன்று காலை பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்து நிற்பார். "எங்க போகணும்?" என்பார். பானையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பீர்கள்...

நான் எந்த ஊரைச் சொல்லுவேன்?