மொட்டைக்கு முன்னாடி எடுத்த அளவு

தொப்பி நேரா வந்து குழந்தையோட மூக்குல உட்கார்ந்துச்சு. கண்ணு ரெண்டும் காணோம். வேலைக்குன்னு போய் நான் பின்னின முதல் தொப்பி அது.

எழுபதுகளோட கடைசி. தேரடித் தெருவுல நூல், பட்டன், உல்லன் விக்கிற கடை. ஸ்கூல் கைவேலை கிளாஸ்ல ரெண்டு ஊசியில பின்னக் கத்துக்கிட்ட தைரியத்துல வேலை கேட்டுப் போயிருந்தேன். முதலாளி ஏற இறங்கப் பார்த்தாரு. ஒரு ஆர்டர் தர்றேன், நல்லா இருக்குன்னு கஸ்டமர் வாயால வந்தா இரு, இல்லன்னா ஊசியை எடுத்துக்கிட்டுக் கிளம்புன்னுட்டாரு. வீட்டுல எனக்கு அப்ப மும்முரமா மாப்பிள்ளை தேடிக்கிட்டிருந்தாங்க. வேலை கிடைச்சா ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம்னு அப்பா சொல்லியிருந்தாரு. அதனால அந்தத் தொப்பியில என் உசுரே இருந்துச்சு.

ஆர்டர் குடுத்தது கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வந்த ஒரு அம்மா. ரெண்டு வயசுப் பையன், தலை நிறைய சுருட்டை முடி. குளிர் பட்டா காது வலி வந்துடுது, காதை மூடற மாதிரி வேணும்னாங்க. எங்க கடையில இஞ்ச் டேப் முதலாளி கழுத்துலதான் தொங்கும், வேற யாரும் தொடக்கூடாது. அவரே முடிக்கு மேல சுத்தி அளந்தாரு. போதாக்குறைக்கு, வளர்ற புள்ள, ஒரு இஞ்ச் ஜாஸ்தியாவே போடுன்னாரு. போட்டேன். நீலக் கலரு, உச்சியில வெள்ளைக் குஞ்சம்.

கார்த்திகை மாசம், தூறல் விழுந்துக்கிட்டிருந்த ஒரு காலையில அந்தம்மா தொப்பி வாங்க வந்தாங்க. கூடவே வீட்டுக்காரரும் மாமியாரும். பையன் தலையில ஒரு முடி இல்ல. வேண்டுதல் மொட்டை. சந்தனம் பூசின ஈரத்தோட நேரா கடைக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. மொட்டை போடப் போறோம்னு அவங்க சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தோணல. ஊரே மொட்டை போட வர்ற ஊர்ல கடையை வச்சுக்கிட்டு இந்தக் கூத்து.

தொப்பியை மாட்டுனதும் பையன் அந்த இருட்டுக்குள்ளேர்ந்து வீல்னு கத்துனான். இது தொப்பியா, பானைக்குத் தைச்ச உறையான்னு மாமியார் கேட்டாங்க. முதலாளி என் பக்கம் திரும்புனாரு.

"என்னம்மா இப்படிப் பின்னி வச்சிருக்க?"

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். அளந்தது யாரு, ஒரு இஞ்ச் ஏத்துனது யாரு? ஆனா வேலை வேணுமே.

"அளவு சரிதாங்க. தலைதான் கம்மியாயிடுச்சு."

வீட்டுக்காரர் சிரிச்சுட்டாரு. அந்தம்மா சிரிக்கல, ரெண்டு கையாலயும் பையன் காதைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. அதைப் பார்த்ததும் எனக்கும் விளையாட்டு போயிடுச்சு.

ரெண்டு ஊசியில பின்னுனா தொப்பி முதல்ல துணி மாதிரி தட்டையாத்தான் வரும். அப்புறம் பின்பக்கம் மூட்டித் தைக்கணும். அந்தத் தையலைப் பிரிச்சேன். டேப்புக்குக் கையை நீட்டுனேன். முதலாளி கொஞ்சம் யோசிச்சு, கழுத்துலேர்ந்து கழட்டிக் குடுத்தாரு. மொட்டைத் தலையை அளந்ததுல டேப் பூரா சந்தனம். ஜாஸ்தியா இருந்ததை உள்ள மடிச்சு, வெட்டாம அப்படியே தைச்சேன். முடி வளர வளர இதைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விடுங்கன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்.

தொப்பி காதை மூடி கச்சிதமா உட்கார்ந்துச்சு. பையன் அழுகையை நிறுத்திட்டுக் குஞ்சத்தைத் தேடுனான். மாமியார் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

"நல்லாத்தான் இருக்குது."

நான் முதலாளியைப் பார்த்தேன். வேற எங்கயோ பார்த்துக்கிட்டே, டேப்பை நீயே வச்சுக்கன்னாரு.

இப்ப கடைக்கு வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். தலையை அளக்கறதுக்கு முன்னாடி, அந்தத் தலைக்கு என்ன ஆகப் போகுதுன்னு கேட்டுடுங்க. எனக்கு அது பழக்கமாவே போயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு என்னைப் பொண்ணு பார்க்க வந்தவருக்கு நல்ல அடர்த்தியா சுருட்டை முடி. எல்லாரும் பிடிச்சிருக்கான்னு என்னைக் கேட்டாங்க. நான் அவரைத்தான் கேட்டேன்.

"வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்குங்களா?"