கருப்பைத் தமனிக்கு ஒரு பாலம்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை நடை, இட்லி, அலுவலகம். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பிக் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியைக் கட்டினேன்.

மனைவிக்கு மறுநாள் ஒரு நர்சிங் கல்லூரியில் டெமோ கிளாஸ். அது நன்றாக அமைந்தால்தான் ஆசிரியை வேலை. பாடம், இடுப்புக்கூட்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள். ஒன்றும் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லிப் பார்க்க வேண்டுமாம்.

“மல்லாந்து படுங்க” என்றாள். படுத்தேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் என் பனியன், வேட்டி மேலேயே வரையத் தொடங்கிவிட்டாள்.

வயிற்றுப் பெருந்தமனி தொப்புளுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. அதாவது, பனியன் முடிந்து வேட்டி தொடங்கும் இடம். ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகிறது. வெளிக்கிளை தொடைக்குப் போகிறது. உட்கிளை இடுப்புக்குள் இறங்கி, பிட்டம், சிறுநீர்ப்பை, கருப்பை என்று பங்கு வைக்கிறது.

“உங்களுக்கும் கருப்பை இருக்குன்னு வச்சுக்கங்க.”

வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எங்கண்ணே விழுந்தீங்க, இம்புட்டு ரத்தம்?”

“விழல. பாடம் நடக்குது.”

“டீச்சர் ரொம்பக் கண்டிப்பு போல. நான் அப்புறமா வாரேன்.”

பிறகுதான் முக்கியமான இடம். கருப்பைக்குப் போகும் தமனியும், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயும் ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. ஆபரேஷனில் தமனியைக் கட்டும்போது தவறி மற்றதைக் கட்டிவிட்டால் வினை.

“பாலத்துக்குக் கீழ தண்ணி. தமனிதான் பாலம், மூத்திரம் வர்ற குழாய்தான் தண்ணி. உலகம் முழுக்க இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க. இப்பச் சொல்லுங்க, எது மேல?”

“சிறுநீர்க்குழாய்.”

“அதெப்படி?”

“வைகையில தண்ணி வந்தா தரைப்பாலத்துக்கு மேலதான போகுது?”

பேனாவை மூடிவிட்டாள். “கிளாஸ்ல அம்புட்டுப் பேரும் மதுரைப் பிள்ளைங்க. அதுங்களும் இதையே சொன்னா எனக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்.”

“உயரமான பாலம்னு சொல்லேன்.”

“அதுக்குக் கீழ தண்ணி எங்க இருக்கு? எருமை மேயுது.”

சாப்பிடும்போதும் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

மறுநாள் எழுந்ததும், பல்கூட விளக்காமல், அவள் முதலில் பாடக் குறிப்பை எடுத்து ‘பாலத்துக்குக் கீழே தண்ணீர்’ என்ற வரியை அடித்தாள். ‘மேம்பாலம்: மேலே ரத்தம், அடியில் மூத்திரம்’ என்று எழுதி என்னிடம் நீட்டினாள். மதுரையில் எந்த மேம்பாலத்துக்கு அடியிலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறோம்.