கன்னியம்மா மூக்கும் என் சார்ஜ் கடையும்

பேட்டரிக்கு சார்ஜ் போடும் தொழிலில் கரண்டைக்கூடச் சமாளித்துவிடலாம், கடைக்கு வருகிறவர் வாயில் புகைகிற பீடியைச் சமாளிக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் படப்பையில் சார்ஜ் கடை வைத்திருந்தவன் நான். நாலு பேர் வந்துபோகிற கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு என் பாடு தெரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மரியாதை கொடுத்தவர்

லாரி, டிராக்டர் பேட்டரிகளை மூடி திறந்து, இடுப்புயரப் பலகையில் வரிசையாக வைத்திருப்பேன். சார்ஜ் ஏற ஏற உள்ளே கொப்பளிக்கும். அந்தக் குமிழியில் வருகிற கேஸுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நெருப்புப் பொறி பட்டால் மட்டும் தன் இருப்பைக் காட்டிக்கொள்ளும். அதனால் 'பீடி கூடாது' என்று சுவரில் பெரிதாக எழுதிவைத்திருந்தேன்.

வல்லம் வடகாலிலிருந்து வந்த டிராக்டர் டிரைவர் ஒருவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். பெரிய மனுஷன் என்று நினைத்தாரோ என்னவோ, பீடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பின்னால்தான் அவருடைய பேட்டரி கொப்பளித்துக்கொண்டிருந்தது. 'டப்' என்றது. மேல்பக்கம் பிளந்து ஆசிட் தெறித்தது. நான் வாளித் தண்ணீரை அப்படியே அவர் மேல் கொட்டினேன். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் வந்தவர், சல்லடையாகிவிட்ட வேட்டியை என் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனுக்கு மருவாதி குடுத்தது ஒரு குத்தமாண்ணே?"

நான் மட்டும் யோக்கியமா?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். காலையெல்லாம் கரண்ட் இல்லாமல் அப்போதுதான் வந்திருந்தது. வந்த கரண்டை வீணாக்குவானேன் என்று சார்ஜையும் போட்டுவிட்டேன். கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு முதல் பேட்டரியை நெருங்கும்போது, என் மனைவி ராணி ஓடிவந்து தட்டைப் பிடுங்கித் தெருவில் வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பீடி உபதேசம் செய்தவனுக்குக் கற்பூரமும் நெருப்புதான் என்று தோன்றவில்லை. மூச்சு வாங்க ராணி கேட்டாள்: "சாமிக்குக் கற்பூரம் காட்டுறியா, எங்கள சாமிகிட்ட அனுப்பி வெக்கிறியா?"

வீடு போல ஒரு வேன்

சேரப்பணஞ்சேரி முனுசாமி அண்ணன் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கப் பலகை அடித்து, அடுப்பும் கேஸ் சிலிண்டரும் வைத்து, சொந்தக்காரர்களைத் திருப்பதிக்கு ஏற்றிப்போகத் தயாரானார். விளக்குக்கு ஒரு பேட்டரி, அதுவும் படுக்கைக்கு அடியில். வண்டி ஓட ஓட அதற்கு சார்ஜ் ஏற வேண்டுமாம். பேட்டரியைப் பெட்டியில் மூடி, கேஸ் வெளியே போக மேலே குழாய் விடுங்கள் என்றேன். அடுப்பு கேஸ் கீழே தங்கும், சிலிண்டர் பக்கம் தரையில் ஓட்டை போடுங்கள் என்றும் சொன்னேன். புழுதி வரும் என்று இரண்டையும் மறுத்துவிட்டார்.

கேஸ் கசிந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். பக்கத்தில் மல்லிகைப்பூவே மணத்தாலும் தெரியாது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எதிர் வீட்டில் புளித்த மாவைத் தன் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கும் மனைவி கன்னியம்மாவைக் காட்டினார். தங்கச்சி தூங்கிப்போனால் என்றேன். "அவ எங்க தூங்கறா? வழி பூரா என்னத் திட்டிகினுதான் வருவா."

புறப்பட்ட காலை

வெள்ளிக்கிழமை காலை, என் கடை வாசலில் வண்டிக்குப் பூஜை. ராத்திரி முழுக்க ஜன்னல் சாத்திக் கிடந்த வேன். சொந்தக்காரர்கள் தேங்காயோடு வெளியே நிற்க, கன்னியம்மா மட்டும் உள்ளே ஏறிச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தது. என்னைப் பார்த்து, நீயும் வந்து கும்பிட்டுக்கோண்ணே என்றது. குரல் மூக்கடைத்து வந்தது.

அந்த வேனில் கசிவைக் கண்டுபிடிக்க இருந்ததே அந்த மூக்கு ஒன்றுதான். "சளி புடிச்சிக்கிதா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். கன்னியம்மாவைக் கீழே இறக்கிக் கதவையெல்லாம் திறந்துவிட்டேன். பூஜையைத் தடுத்தவனை உறவுக் கூட்டமே ஏசியது. ஆசிட் புகையில் என் மூக்கும் அரை மூக்குதான், அதனால் ராணியைக் கூப்பிட்டேன். அவள் படியில் குனிந்த வேகத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிலிண்டர் டியூப் பாதி கழன்றிருந்தது.

ஏசிய கூட்டம் பத்தடி பின்னால் போனது. முனுசாமி அண்ணன் பொடி டப்பாவைத் திறக்கவும் மறந்து நின்றார். ஒரு குச்சி உரசியிருந்தால் அந்தப் பெண் இல்லை. தரையில் ஓட்டை போட, பெட்டிக்குக் குழாய் விட, அவரே ஆள் தேடிப் போனார். பயணம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கன்னியம்மா மட்டும் கடைப் படியில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "கண்ணாலம் ஆயி இருவது வருசம் ஆச்சு. எனுக்குச் சளி புடிச்சிக்கிதான்னு இன்னிக்குத்தாண்ணே ஒருத்தர் கேட்டாங்கோ."

கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி இப்போது கடையிலேயே கிடைக்கிறதாம். எதை நம்பி வண்டியை எடுத்தாலும், கிளம்பும் முன் அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.